அக்கா மகனுக்கு ஒரு வில்

வணக்கம். நான் கையாலயே செதுக்குன ஒரு மர வில்லை போன வாரம் முடிச்சு அக்கா மகன் கையில குடுத்தேன், அந்தக் கடைசிக்கட்ட வேலைய பத்திதான் இன்னைக்கு உங்ககிட்ட பேசப் போறேன்.

வில்லு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைய ஆரம்பிச்சதும் வேலை முடிஞ்சிருச்சுன்னு தோணும். எனக்குன்னு செஞ்சதா இருந்தா அங்கயே நிறுத்தியிருப்பேன், ஏன்னா அதை எவ்வளவு தூரம் இழுக்கலாம், எங்க பயப்படணும்னு என் கைக்கே தெரியும். இன்னொருத்தர் கைக்குப் போற வில்லுக்கு அது பத்தாது. நாம பக்கத்துல இல்லாதப்ப அவங்க இழுப்பாங்க, ஈரமான நாள்ல வெளிய எடுப்பாங்க, எல்லாத்தையும் முன்னாடியே யோசிச்சு அதுக்குள்ள வச்சுக் குடுக்கணும்.

அதனால முதல்ல அவனை அளந்தேன். ரெண்டு கையையும் விரிக்கச் சொல்லி விரல் நுனியில இருந்து விரல் நுனி வரைக்கும் அளந்து 2.5ஆல வகுத்தா அவங்க எவ்வளவு இழுப்பாங்கன்னு ஓரளவு வந்துரும், அவனுக்கு 65 இன்ச், அப்ப 26. பொதுவா வில்லோட பலத்தை 28 இன்ச் இழுக்க எத்தனை பவுண்டு விசை வேணும்னு சொல்றது வழக்கம், ஆனா இது அவனோட வில்லு, அதனால 26லயே 40 பவுண்டு வர்ற மாதிரி வச்சேன்.

உப்புத்தாள் போடுறது வெறும் வழவழப்புக்குன்னு நினைக்காதீங்க. அகலத்துல பத்துல ஒரு பங்கு எடுத்தா விறைப்பும் பத்துல ஒரு பங்குதான் குறையும், தடிமன்ல அதே அளவு எடுத்தா 27 சதவீதம் போயிரும். முன்னாடி ஒரு வில்லுல நான் வில்லோட ஒரு பாதியை மட்டும் ஆசையா அதிகமா தேய்ச்சு, அந்தப் பக்கம் தளர்ந்து, கடைசியில மறுபக்கத்தையும் இறக்கி வில்லே பலம் கெட்டுப் போச்சு. அதுல இருந்து இந்தப் பக்கம் எத்தனை இழுப்போ அந்தப் பக்கமும் அத்தனைன்னு எண்ணித்தான் தேய்க்கிறேன். 120ஆம் நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 180, 220, அப்புறம் ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சா படுத்திருந்த நாரெல்லாம் எழுந்து நிக்கும், காஞ்சதும் 320 போட்டு லேசா எடுத்துரணும். முதுகுப் பக்கம், அதாவது எய்யிறவருக்கு எதிர்ப்பக்கம், அங்க மட்டும் ரொம்ப மெதுவா, ஏன்னா அங்க இருக்கிற மரத்தோட மேல் வளர்ச்சி வளையம் நுனிக்கு நுனி அறுபடாம இருந்தாதான் வில்லு இழுவையைத் தாங்கும். ஓரங்களை எல்லாம் உருட்டிவிடணும், கூரான ஓரத்துல இருந்துதான் சிம்பு கிளம்பும். நாண் உக்கார்ற வெட்டையும் விரலால தடவிப் பாத்தேன், அங்க ஒரு சின்ன கூர் இருந்தாலும் நாணை அறுத்துரும்.

பூச்சுக்கு கொதிக்க வச்ச ஆளிவிதை எண்ணெய். மெல்லிசா பூசி, மிச்சத்தை துடைச்சு, நல்லா காயவிட்டு மறுபடி, இப்படி பல தடவை. கெட்டியான வார்னிஷ் பளபளன்னு இருக்கும், ஆனா வளையிற வில்லுல வெடிச்சுப் போகும், எனக்கு அது பிடிக்கல. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, எண்ணெய் துடைச்ச துணியை சுருட்டிப் போட்டா அது காயும்போது வர்ற சூட்டுல தானாவே தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப்போடுங்க இல்ல தண்ணியில முக்கி வைங்க.

பிடிக்கு தோல் சுத்துனேன். பிடிக்குக் கீழ வயித்துப் பக்கத்துல, அதாவது எய்யிறவரைப் பாத்த பக்கத்துல, 40, 26னு எழுதி, கூடவே என் அடையாளமா ஒரு சின்னக் குத்து. 1545ல மூழ்கி 1982ல மேல எடுத்த மேரி ரோஸ்ங்கிற இங்கிலாந்து போர்க்கப்பல் வில்லுகள்ல பலதுலயும் செஞ்சவங்க வச்ச அந்த மாதிரி குறிகள் இருக்கு. பேர் தெரியாத அந்தக் கைகளை நினைச்சுக்கிட்டேதான் குத்துனேன்.

குடுத்த அன்னைக்கு பையன் சந்தோஷத்துல அம்பு வைக்காமலே முழுசா இழுத்துட்டான், விடப்போற நேரத்துல நான் கையைப் பிடிச்சிட்டேன். அம்பு வாங்கிட்டுப் போக வேண்டிய வேகம் மொத்தமும் மரத்துக்கே திரும்பும்டா, ஒரே தடவையில கூட உடையலாம்னு சொல்லி, மெதுவா தளர்த்தவச்சேன். அப்புறம் அம்பு குடுத்தேன். "மாமா, இது கையில அதிரவே இல்ல"ன்னான்.

இப்ப எய்து முடிச்சதும் அவனே நாணைக் கழட்டி, சுவத்துல ரெண்டு ஆணி மேல படுக்கையா வச்சிடுறானாம், அக்கா சொன்னா.