ஃபுட்பால் வீரர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனது எப்படி? – நேயர் கேள்விக்குப் பதில்

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு ஃபுட்பால் வீரர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார் என்று போன வீடியோவில் சொன்னீர்கள். புகழுக்காகக் கொடுத்த பதவியா அது? நீதிபதியாக இருந்துகொண்டே அறக்கட்டளை வைத்துக்கொள்ள அங்கே விடுவார்களா?"

நல்ல கேள்வி. அவர் பெயர் ஆலன் பேஜ். (ஃபுட்பால் என்று நான் சொல்வது நம்ம ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பால்.) முதலில் 'மாநில உச்ச நீதிமன்றம்' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம், அதில்தான் பலர் குழம்புகிறார்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்புச் சட்டம் உண்டு, தனி உச்ச நீதிமன்றமும் உண்டு. நம்முடைய உயர் நீதிமன்றம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் முழுக்கப் பொருந்தாது. மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்று அங்கே தீர்ப்பானால் அத்தோடு முடிந்தது. அதற்கு மேல் வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமென்றால் மத்திய சட்டமோ அமெரிக்க அரசியலமைப்போ சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். மினசோட்டாவில் மொத்தம் 7 நீதிபதிகள், பதவிக்காலம் 6 ஆண்டுகள். அவர்களை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிச் சின்னமெல்லாம் கிடையாது.

சட்டம் அப்படி. நடைமுறை வேறு. ஒரு நீதிபதி பதவிக்காலம் முடியுமுன்பே விலகுவார், காலியான இடத்தில் கவர்னர் (அங்கே மாநில அரசின் தலைவர், நம் முதலமைச்சர் மாதிரி) ஒருவரை நியமிப்பார், அடுத்த தேர்தலில் அவரே சுலபமாக ஜெயித்துவிடுவார். தேர்தல் என்பது பெரும்பாலும் பேருக்குத்தான். பேஜ் மோதியது இந்த வழக்கத்தோடுதான்.

1992இல் அவர் போட்டியிட நினைத்த இடத்தில் லாரன்ஸ் யெட்கா என்ற நீதிபதி இருந்தார். அவர் பதவிக்காலம் முடிய வேண்டிய நேரத்தில் கவர்னர் ஆர்னி கார்ல்சன் அதை நீட்டித்தார். நீட்டித்தால் அந்த இடத்துக்குத் தேர்தலே வராது. பேஜ் வழக்குப் போட்டார். யார் மேல்? கவர்னர் மேல். எந்த நீதிமன்றத்தில்? தான் போய் உட்கார விரும்பிய அதே நீதிமன்றத்தில்! சக நீதிபதி சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அங்கிருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பதிலாக வேறு நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்து, நீட்டிப்பு செல்லாது, தேர்தல் நடத்து என்றார்கள். நடந்தது, ஜெயித்தார், 1993 ஜனவரியில் பதவியேற்றார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர்தான். ஆக, அது யாரும் தூக்கிக் கொடுத்த பதவி இல்லை. ஃபுட்பால் புகழ் ஓட்டு வாங்க உதவியதா என்றால், உதவாமல் இருக்குமா? அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பிறகு 1998, 2004, 2010 என்று மூன்று முறை மக்கள் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். 70 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்பது அங்கே சட்டம், அதனால் 2015இல் பதவியை விட்டு இறங்கினார்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967 முதல் 1981 வரை, முதலில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி, அப்புறம் சிகாகோ பேர்ஸ் அணி. 1971இல் என்.எஃப்.எல். என்ற தேசிய ஃபுட்பால் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. இதற்கு நடுவில்தான் சட்டப் படிப்பு. முதலில் ஒரு கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களிலேயே விட்டுவிட்டார். பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, விளையாடிக்கொண்டே 1978இல் பட்டம் வாங்கினார். தனியார் சட்ட நிறுவனத்தில் கொஞ்ச காலம், அதன் பின் மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் நீதிபதித் தேர்தலுக்கு வந்தார். அதனால் 'ஃபுட்பால் வீரர் நீதிபதியானார்' என்பதை விட 'அரசு வழக்கறிஞர் நீதிபதியானார்' என்பதுதான் சரி.

நீதிபதியாக அவரை நாடே கவனித்த நாள் ஒன்று உண்டு. 2008இல் மினசோட்டாவில் நடந்த செனட் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) தேர்தலில் நார்ம் கோல்மன், ஆல் ஃபிராங்கன் என்ற இரண்டு வேட்பாளர்களுக்கும் சில நூறு ஓட்டுதான் வித்தியாசம், விவகாரம் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தலைமை நீதிபதியும் இன்னொருவரும் ஓட்டு எண்ணிக்கையைச் சரிபார்த்த குழுவில் இருந்தவர்கள் என்பதால் விலகிவிட்டார்கள். மூத்தவர் என்ற முறையில் பேஜ் தலைமை தாங்கினார். 2009 ஜூன் 30 அன்று மீதி ஐந்து பேரும் ஃபிராங்கன்தான் ஜெயித்தார் என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அன்றே கோல்மன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இப்போது அறக்கட்டளைக்கு வருகிறேன். அது நீதிபதியான பிறகு தொடங்கியது இல்லை. 1988இல், தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஃபுட்பால் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோது, அவரும் மனைவி டயானும் ஆரம்பித்தது. அந்த விழாப் பேச்சில் ஒரு சம்பவம் சொன்னார். வைக்கிங்ஸ் அணியில் தடுப்பாட்டக்காரர்களை ஒரு அறையில் உட்கார வைத்து, ஆட்டத் திட்டப் புத்தகத்தை ஆளுக்குக் கொஞ்சம் வாய்விட்டுப் படிக்கச் சொன்னாராம் பயிற்சியாளர். சிலர் சரளமாகப் படித்தார்கள், சிலர் திணறினார்கள், சிலருக்குப் படிக்கவே வரவில்லை. எல்லோரும் கல்லூரி வரை போனவர்கள். ஆடத் தெரிந்தால் போதும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

பேஜ் கல்வி அறக்கட்டளை, மினசோட்டாவில் கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மை இன மாணவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை தருகிறது. அதில் ஒரு நிபந்தனை உண்டு. பணம் வாங்குகிற மாணவர், எட்டாம் வகுப்புக்குள் படிக்கிற சின்னப் பிள்ளைகளோடு வருடத்துக்கு 50 மணி நேரம் செலவழிக்க வேண்டும்: பாடம் சொல்லிக் கொடுப்பது, வழிகாட்டுவது. என்னைக் கேட்டால் தொகையை விட இந்த நிபந்தனைதான் கெட்டிக்காரத்தனம். ஃபுட்பால் நட்சத்திரத்தை ஒரு பையன் எத்தனை தடவை நேரில் பார்க்கப் போகிறான்? தன் தெரு அக்கா கல்லூரிக்குப் போவதை வாராவாரம் பார்க்கலாம் இல்லையா?

விடுவார்களா என்று கேட்டீர்கள். விடுவார்கள், கட்டுப்பாட்டோடு. அமெரிக்க நீதிபதிகளுக்கான பொதுவான நடத்தை நெறி என்னவென்றால், கல்வி, தர்ம காரியங்களில் பங்கெடுக்கலாம். ஆனால் தானே போய் நன்கொடை கேட்கக் கூடாது, பதவியின் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டக் கூடாது. காரணம் வெளிப்படை. நாளைக்கு வழக்கோடு வந்து நிற்கப்போகிறவரிடம் இன்றைக்கு நீதிபதி கை நீட்டினால் அவர் 'முடியாது' என்பாரா?

ஓய்வுக்குப் பிறகும் மனிதர் சும்மா இல்லை. 2018இல் அதிபர் கையால் சுதந்திரப் பதக்கம் (குடிமக்களுக்கு அமெரிக்கா தரும் மிக உயர்ந்த விருது) வாங்கினார். ஆசிரியையான மகளோடு சேர்ந்து குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதினார். ட்வின் சிட்டீஸ் (மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்கள்) மாரத்தான் நாளில் தெருவோரம் நின்று டியூபா என்ற பெரிய ஊதுகருவியை ஊதி ஓடுகிறவர்களை உற்சாகப்படுத்துவார், அந்த ஊரில் இது பிரசித்தம். 2020இல், அமெரிக்க மத்திய வங்கியின் மினியாபொலிஸ் பிரிவுத் தலைவர் நீல் காஷ்காரியோடு சேர்ந்து (இவருடைய பெற்றோர் காஷ்மீரிலிருந்து போனவர்கள்), தரமான பொதுக்கல்வி ஒவ்வொரு குழந்தைக்கும் அடிப்படை உரிமை என்று மாநில அரசியலமைப்பையே திருத்தச் சொன்னார். ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. 2024 தேர்தல் வரைக்கும் அது வாக்குச்சீட்டுக்கு வரவில்லை. சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.