காக்கெரோரியும் அதன் நிலத்துக்காரர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓடைக்கரையில் ஒரு மரம். அடிமரத்தைச் சுற்றி அலுமினியத் தகடு கட்டியிருக்கிறது. பக்கத்து மரக்கிளைகள் அதைத் தொடாதபடி கழித்துவிட்டிருக்கிறார்கள். தண்ணீருக்கு மேலே நீண்டிருக்கும் கிளைக்கவையில் ஒரு கூடு, அதில் இரண்டு முட்டைகள். எலி ஏறப் பார்த்தால் தகட்டில் நகம் பிடிக்காது, வழுக்கிவிடும். பக்கத்து மரத்திலிருந்து தாவலாம் என்றால் கிளை எட்டாது. உலகத்திலேயே மிக அரிதாகிவிட்ட ஒரு பறவைக்கு ஒரு காலத்தில் கிடைத்த பாதுகாப்பு இதுதான்: ஒரு தகடு, ஒரு வெட்டுக்கத்தி, கொஞ்சம் எலிமருந்து.

அந்தப் பறவையின் பெயர் காக்கெரோரி. ஈப்பிடிப்பான் வகையைச் சேர்ந்த சிறு பறவை. பசிபிக் கடலில் குக் தீவுகள் என்றொரு நாடு இருக்கிறது. அதன் பெரிய தீவான ரரோடோங்காவின் பரப்பே வெறும் 67 சதுர கிலோமீட்டர்தான். காக்கெரோரி அந்த ஒரு தீவுக்கு மட்டுமே சொந்தம். இளம் பறவை ஆரஞ்சு நிறம். வயது ஏற ஏற அந்த நிறம் மங்கி, நான்கு வயதுக்குள் உடம்பு முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். மனிதர்களுக்குத் தலை நரைப்பது போலத்தான். ஆனால் நம்மைப் போல இதை மறைக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தீவில் சாதாரணமாகத் தென்பட்ட பறவை இது. பிறகு கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. காரணம் எலி. கப்பலில் வந்திறங்கிய எலி நன்றாக மரமேறும். முட்டையைத் தின்னும், குஞ்சைத் தின்னும், அடைகாக்கும் தாயையும் விடாது. 1987இல் பள்ளத்தாக்குகளில் ஏறி இறங்கி எண்ணியபோது 38 பறவைகள் இருந்தன. 1989இல் 29.

அப்போது வேலையைத் தொடங்கியவர்கள் ஊர்க்காரர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். குக் தீவுகளின் இயற்கைப் பாதுகாப்புத் துறையும் நியூசிலாந்திலிருந்து வந்த ஆய்வாளர்களும்தான் தொடங்கினார்கள். மலைமுகடுகளை ஒட்டி ஒற்றையடிப் பாதை வெட்டினார்கள். பாதை நெடுகிலும் எலிமருந்து வைத்தார்கள். பறவைகளைப் பிடித்துக் காலில் வண்ண வளையம் மாட்டினார்கள். சிவப்பு மேலே, மஞ்சள் கீழே என்றால் ஒரு பறவை. இடம் மாறினால் இன்னொன்று. இப்படி ஒவ்வொன்றையும் ஆளறிந்து எண்ண முடிந்தது. கூடுகள் தப்பின. அதைவிட முக்கியம், வளர்ந்த பறவைகள் சாவதும் குறைந்தது. காக்கெரோரி நீண்ட ஆயுள் கொண்டது. வளையமிட்ட சில பறவைகள் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்திருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு குஞ்சு தேறினாலும், பெற்றவை பிழைத்துக் கிடந்தால் கணக்கு ஏறிவிடும்.

ஆனால் வெளியிலிருந்து வந்தவர்கள் எத்தனை வருடம் மலையேறுவார்கள்? மருந்து வைப்பதை நிறுத்தினால் எலி திரும்பிவிடும். இது ஒருமுறை செய்து முடிக்கும் காரியம் அல்ல.

இங்கேதான் அந்த நாட்டு நில வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குக் தீவுகளில் நிலத்தை விற்க முடியாது. அது குடும்ப வழியில் இறங்கும். குத்தகைக்கு விடலாம், அவ்வளவே. காக்கெரோரி வாழும் பள்ளத்தாக்குகள் கைனுகு, கரிகா, மனவரோவா என்ற மூன்று குலங்களுக்கு உரியவை. 1996இல் அந்த மூன்று குலங்களும் சேர்ந்து, ஏறத்தாழ 155 ஹெக்டேர் நிலத்தைத் தகிடுமு பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்தன. பறவையைக் காக்கும் பொறுப்பும் அவர்கள் கைக்கு வந்தது.

'மக்கள் பங்கேற்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். பல இடங்களில் அதற்குப் பொருள், முடிவை வேறு யாரோ எடுத்துவிட்டு ஊராரைக் கூட்டிக் கையெழுத்து வாங்குவது. தகிடுமுவில் முடிவெடுத்தவர்களே நிலத்துக்காரர்கள். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை, கூடு கட்டும் பருவத்தில், வாராவாரம் மழையிலும் வழுக்கலிலும் முகடு ஏறி மருந்தை நிரப்பிவர வேண்டும். பார்க்க வருபவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பறவையைக் காட்டி, அதில் வரும் பணத்தையும் இதற்கே பயன்படுத்தினார்கள். 2000இல் பறவைகள் 200ஐத் தாண்டின.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து எடுத்த முடிவு. எண்ணிக்கை தேறிய பிறகு, எலிமருந்தின் அளவை வேண்டுமென்றே குறைத்தார்கள். விஷத்தைக் காட்டில் கொட்டிக்கொண்டே இருக்க முடியாது, கூலிக்கும் பணம் வேண்டும். பறவை குறையாமல் இருக்க எவ்வளவு போதுமோ அவ்வளவுதான். தன் நிலத்தில் பேரன் காலத்திலும் நடக்க வேண்டிய வேலை என்று நினைப்பவர்தான் இப்படிக் கணக்குப் போடுவார்.

ஒரே தீவில் வைத்திருப்பதும் ஆபத்துதான். 2005 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஐந்து புயல்கள் அடுத்தடுத்துக் குக் தீவுகளைத் தாக்கின. நல்லவேளை, அதற்கு முன்பே, 2001க்கும் 2003க்கும் இடையில், முப்பது இளம் பறவைகளை விமானத்தில் அதே நாட்டின் இன்னொரு தீவான அதியூவுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே மரமேறும் அந்தக் கப்பல் எலி கிடையாது. அதியூ மக்களும் வரவேற்றார்கள்.

அதியூக்காரர்கள் அத்தோடு நிற்கவில்லை. 2007இல் பிரெஞ்சு பொலினீசியாவின் ரிமதாரா தீவிலிருந்து, தங்கள் தீவில் எப்போதோ அழிந்துபோன குரா என்ற சிறு கிளியில் 27 பறவைகளைக் கொண்டுவந்தார்கள். ரிமதாராவில் அந்தக் கிளி பிழைத்திருந்ததற்கே, அதற்குத் தீங்கு செய்யக் கூடாது என்று சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த ராணி விதித்த தடைதான் காரணம். ஆனால் அதியூவில் குராவின் குஞ்சுகளை மைனாக்கள் தாக்கின. ஆம், நமக்குத் தெரிந்த அதே மைனா. பூச்சியைத் தின்னட்டும் என்று ஒரு காலத்தில் கொண்டுவந்து விட்டது. அதை ஒழிக்கத் தீவுக்காரர்கள் பொறி வைத்தார்கள், சுட்டார்கள்; பல வருடம் பிடித்த வேலை.

அதியூவுக்குப் போன காக்கெரோரிகள் ஒவ்வொன்றின் காலிலும் வண்ண வளையம் இருந்தது. அதனால் அங்கே தேடிப் போனவர்கள் முதலில் பார்த்தது நிறத்தை அல்ல, காலை. வளையமில்லாத ஆரஞ்சுப் பறவை ஒன்று கிளையில் வந்து உட்கார்ந்தால், அது அங்கேயே பொரித்த குஞ்சு.

வணக்கம்.