அனாமத்தில் தூங்கும் கணக்கு

(கும்பகோணத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கச் செயலர்களும் மத்திய கூட்டுறவு வங்கிக் கள அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

நிதி நிறுவனங்களை வலுப்படுத்தத் தொழில்நுட்ப உதவி என்றதும் வாஷிங்டனிலிருந்து பெட்டியோடு இறங்கும் நிபுணர்தான் நினைவுக்கு வருவார். கருவூலம், மத்திய வங்கி, வரித்துறை ஆகியவற்றைச் சீராக்கப் பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) வளரும் நாடுகளுக்கு ஆள் அனுப்புவது உண்மைதான். 2017-ல் தெற்காசியாவுக்கென்றே டெல்லியில் ஒரு மையமும் திறந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு என ஆறு நாடுகள் அதில் சேர்த்தி.

நம் பக்கத்தில் இந்த வேலை அதற்கும் 125 வருஷம் மூத்தது. 1892-ல் சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சனை ஐரோப்பாவின் விவசாய வங்கிகளைப் பார்த்துவர அனுப்பியது. 1895-லும் 1897-லும் இரண்டு தொகுதியாக அறிக்கை வந்தது. அவ்வளவையும் ‘ரைஃபைசனைக் கண்டுபிடி’ என்று இரண்டே சொல்லில் அடக்கினார் அவர். ரைஃபைசன் ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களை நடத்திக் காட்டியவர். அப்படி ஊரில் உட்கார்ந்து நடத்துகிற ஆள் வேண்டும் என்பது நிக்கல்சனின் முடிவு. 1904-ல் சட்டம் வந்தது, பின்னாலேயே படிவங்களும் வந்தன. ஆளைத்தான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறோம்.

நம் காலத்து உதவிகளில் பெரியவை இரண்டு. கூட்டுறவுக் கடன் அமைப்பைச் சீராக்க வழி சொன்ன வைத்தியநாதன் குழுவின் 2005 அறிக்கையை ஒட்டி வந்த 13,596 கோடி ரூபாய் சீரமைப்புத் திட்டம் ஒன்று. 31.3.2004 நிலவரப்படி சிறப்புத் தணிக்கை செய்ததும், பொதுவான கணக்கு முறையைக் கொண்டுவந்ததும் அதில்தான். 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட கணினிமயத் திட்டம் மற்றொன்று: 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய், நடத்துவது நபார்டு. முதலாவது பழைய நஷ்டத்தை அடைத்தது, இரண்டாவது கம்ப்யூட்டர் கொடுத்தது. அந்த நஷ்டம் எங்கே பிறக்கிறது என்று செயலர் மேஜையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு என்பது என் அபிப்பிராயம். இப்போது அதைப் பார்த்துவிடுவோம்.

ஒரு சங்கம் 400 பேருக்குத் தலைக்கு 60,000 ரூபாய் பயிர்க்கடன் தருகிறது என்று வையுங்கள். மொத்தம் 2 கோடியே 40 லட்சம், வட்டி 7 சதவீதம். தவணைத் தேதிக்குள் கட்டினால் உறுப்பினருக்கு வட்டி இல்லை, அரசுகள் மானியமாகத் தரும். ஒருவர் 300-ஆம் நாள் கட்டுகிறார். 60,000-க்கு 300 நாள் வட்டி 3,452 ரூபாய். 400 பேருக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 13 லட்சத்து 80 ஆயிரம். எல்லோரும் நாணயமாகக் கட்டிவிட்டார்கள், வசூல் நூற்றுக்கு நூறு. ஆனாலும் அந்த 13.8 லட்சம் சங்கத்தின் கையில் இல்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருகிற மாதிரி அது மெதுவாகத்தான் வரும். அதற்குள், சங்கத்துக்குக் கடன் தந்த மத்திய கூட்டுறவு வங்கிக்கு வட்டி கட்ட வேண்டும், சம்பளமும் போட வேண்டும். செயலர் வசூலான அசலில் கை வைக்கிறார். உறுப்பினர்கள் சங்கத்துக்குத் தரவேண்டியது தீர்ந்துவிட்டது, சங்கம் வங்கிக்குத் தரவேண்டியது தீரவில்லை. இந்த இடைவெளியைத்தான் நாம் இம்பேலன்ஸ் என்கிறோம். ஒரு பைசா கையாடல் இல்லாமலே விழுந்த பள்ளம் இது. 2021-ல் தமிழக அரசு அறிவித்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி போன்றவற்றிலும் இதே சங்கதிதான்: உறுப்பினர் பெயரில் கடன் உடனே தீரும், சங்கத்துக்குப் பணம் தவணை தவணையாக வரும்.

இதற்கு மருந்து எளிது. ‘வரவேண்டிய வட்டி மானியம்’ என்று தனித் தலைப்பு போட்டு, அதையும் மத்திய அரசு, மாநில அரசு என்று பிரித்து, ஆண்டுவாரியாக வையுங்கள். கேட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்று மாதாமாதம் நிர்வாகக் குழுவில் வாசியுங்கள். மொத்தமாக ‘இதர வரவேண்டியவை’யில் தள்ளினால் மூன்றாம் வருஷம் யாராலும் பிரிக்க முடியாது.

அடுத்தது கணினிக்கு மாறுகிற நாள். சங்கத்தின் மொத்தக் கணக்கான பொதுப் பேரேட்டில் பயிர்க்கடன் நிலுவை 1,86,40,000 என்று இருக்கிறது. உறுப்பினர் பேரேடுகளை ஒவ்வொன்றாகக் கூட்டினால் 1,83,15,000 வருகிறது. வித்தியாசம் 3,25,000. டேலி ஆகாமல் மென்பொருள் நகராது. கம்பெனியிலிருந்து வந்த பையனுக்கு அடுத்த சங்கத்துக்குப் போகிற அவசரம். “அனாமத்துல போட்டுடலாம் சார், அப்புறம் பாத்துக்கலாம்.” அனாமத்து என்றால், இடம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் தலைப்பு. அதில் போட்டாகிவிடும். அந்த ‘அப்புறம்’ மட்டும் வராது.

வித்தியாசம் எந்தப் பக்கம் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. உறுப்பினர் கூட்டல் அதிகமாக இருந்தால், வசூலை உறுப்பினர் பக்கத்தில் பதியாமல் விட்டிருக்கலாம். மேலே சொன்னபடி பொதுப் பேரேடு அதிகமாக இருந்தால் மூன்றைத் தேடுங்கள். பேரேட்டுத் தாள் காணாமல் போயிருக்கலாம். உறுப்பினர் பக்கத்தில் அசலாக வைத்ததை நாள்வழியில் (அன்றாட வரவு செலவுப் புத்தகத்தில்) வட்டியாக எழுதியிருக்கலாம். மூன்றாவது, சொல்லக் கசப்பானது: ரசீது கொடுத்து, உறுப்பினர் கணக்கிலும் வரவு வைத்து, பணம் நாள்வழியில் ஏறாமலே போயிருக்கலாம். இலக்கம் இடம் மாறிய பிழை என்றால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும். 3,25,000 வகுபடாது, ஆகவே வெறும் இடமாற்றம் அல்ல. ரசீதுப் புத்தக அடிக்கட்டைகளை எடுத்து நாள்வழியோடு ஒத்துப் பார்க்க வேண்டியதுதான். நாட்டளவிலும் இதே கதைதான். அரசுப் பணம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் ஒற்றைக் கருவூலக் கணக்கு கொண்டுவரும் எந்த அரசுக்கும் முதல் வேலை, எந்தத் துறை எந்த வங்கியில் எத்தனை கணக்கு வைத்திருக்கிறது என்று எண்ணுவது. எண்ணாமல் மென்பொருளை ஓட்டினால் விடுபட்ட கணக்குகள் வெளியிலேயே நிற்கும்.

அனாமத்தில் போட்டே தீரவேண்டும் என்றால் மொத்தத் தொகையாகப் போடாதீர்கள். இனவாரிப் பட்டியல், பொறுப்பாளர் பெயர், 90 நாள் கெடு மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். பின்னால் கூட்டுறவுச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு விசாரணை, 87-ஆம் பிரிவில் இழப்பை வசூலிக்கும் தண்டத்தீர்வை என்று வந்தால் நோட்டீஸ் கம்பெனிக்குப் போகாது.

மாறும் நாளையும் டெல்டா பஞ்சாங்கப்படி வையுங்கள். 31 மார்ச் இருப்பை எடுத்து, ஏப்ரல், மே இரண்டு மாதமும் சரிபார்த்து, மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன் குறுவைக் கடனைப் புது முறையில் தொடங்கலாம். சம்பாக் கடன் நெரிசலில் மாறியவர்கள் எல்லாக் கடனுக்கும் ஒரே தவணைத் தேதியைப் போட்டு முடித்தார்கள் என்றால், தேதிக்குள் கட்டியவரும் தவணை தவறியவராகிவிடுவார், வட்டிச் சலுகை போய்விடும். குறைந்தது ஒரு காலாண்டு கையெழுத்து நாள்வழியையும் சேர்த்தே எழுதுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர்ப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அன்று கை கொடுத்தது பேப்பர்தான்.

வருவாய்க் கிராமக் குறியீட்டை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அடங்கலை (கிராமப் பயிர்ப் பதிவேட்டை) வைத்துச் சரிபாருங்கள். சம்பாவுக்கு 1.5 சதவீதம் காப்பீட்டுப் பிரீமியம் பிடித்துவிட்டு, கிராமத்தைப் பக்கத்து ஊராகப் பதிந்தால் இழப்பீடும் பக்கத்து ஊர்க் கணக்கில்தான் முடிவாகும். கோயில் நிலக் குத்தகைதாரர்களிடம் இந்தத் தவறு அதிகம், சிட்டா அவர்கள் பெயரில் இராது.

கடவுச்சொல் விஷயம் சின்னது, ஆனால் சங்கத்தைக் கவிழ்ப்பது. என்ட்ரி போடுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர் என்று மென்பொருள் பிரித்து வைத்திருக்கிறது. இரண்டு கடவுச்சொல்லும் ஒரே துண்டுச் சீட்டில் கீபோர்டுக்கு அடியில் இருந்தால் அது ஒரே சாவியில் திறக்கிற பெட்டகம்தான். இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில் என்று வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர்க்காரர் வைப்பு வைக்கும் சங்கத்தில் இது இன்னும் கூடுதல் பொறுப்பு. வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, தொடக்கச் சங்க வைப்புக்கு அது கிடையாது.

கடைசியாக, ஒப்பந்தம் போடும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. கம்பெனிக்கோ ஆலோசகருக்கோ தரும் கடைசித் தவணையைத் திறப்பு விழாவோடு முடிச்சுப் போடாதீர்கள். கணினியில் முடித்த முதல் ஆண்டுக் கணக்கு தணிக்கை ஆகி, அனாமத்து இனங்கள் பூஜ்யம் என்று தணிக்கையாளர் எழுதிய பிறகு அதை விடுவியுங்கள். அதுவரை மாதம் இரண்டு நாள் கம்பெனியின் அல்லது ஆலோசகரின் ஆள் சங்கத்தில் உட்கார்ந்து நாள்முடிவு பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.