முதலில் யார் போவது?

அன்பார்ந்த நேயர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எங்கள் ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறும் நேரம் ஒன்று உண்டு. போதகர் சொன்னதும் எல்லோரும் அருகில் இருப்பவரின் கையைப் பற்றி வாழ்த்துவார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், சரியாக அந்த நேரத்தில் நான் குனிந்து பாட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். புத்தகம் என் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு வரிசை தள்ளி நின்ற ஒருவரின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது, அதற்காகத்தான் அந்தத் தேடல்.

அவர் பாடகர் குழுவில் எனக்கு மூத்தவர். அண்ணன் என்றுதான் அழைப்பேன். ஒரு பயிற்சியின்போது எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கடுமையாகப் பேசிவிட்டார். வருத்தம் தெரிவிப்பார் என்று காத்திருந்தேன், தெரிவிக்கவில்லை. அடுத்த வாரம் நான் வணக்கம் சொன்னேன், பதில் சொல்லாமல் போனார். அதைத் தேதியிட்டு நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். பிறகு இன்னொன்று. அதன்பின் இன்னொன்று. பயிற்சிக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். ஒருநாள் எண்ணிப் பார்த்தபோது அந்த நாட்குறிப்பில் 14 பதிவுகள் இருந்தன.

அந்தச் சமயத்தில்தான், அன்பைப் பற்றி அப்போஸ்தலன் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தைக் குறித்து ஒரு சிறு கூட்டத்தில் பேச அழைத்தார்கள். மனப்பாடமாகத் தெரிந்த பகுதிதானே என்று ஒப்புக்கொண்டேன். தயாரிக்க உட்கார்ந்தபோது ‘தீங்கு நினையாது’ என்ற இரண்டு சொற்களில் அகப்பட்டுக்கொண்டேன். ‘நினையாது’ என்று நம் வேதாகமத்தில் வரும் இடத்தில் பவுல் எழுதிய கிரேக்கச் சொல், கணக்கு எழுதுவோர் புழங்கிய சொல். ஒருவர் பேரில் ஒன்றைப் பதிந்துவைப்பதை அது குறிக்கும். ஆபிரகாமுக்கு அவனுடைய விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது என்று ரோமர் 4-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோமே, அங்கேயும் இதே சொல்தான். அப்படியானால் அன்பு தனக்கு நேர்ந்த தீங்கைக் கணக்கில் ஏற்றாது என்றல்லவா பவுல் சொல்கிறார்! என் மேசை இழுப்பறையில் அந்த நாட்குறிப்பு கிடந்தது. மேசைமேல் வேதாகமம்.

சரி, கணக்கு வைத்திருப்பதை ஒப்புக்கொண்டாகிவிட்டது. உடனே அடுத்த கேள்வி எழுந்தது: முதலில் யார் போவது? தவறு செய்தவர்தானே வரவேண்டும்?

இயேசு இதற்கு இரண்டு இடங்களில் பதில் சொல்லியிருக்கிறார். மத்தேயு 5:23, 24-இல் ஒருவன் காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்கிறான். ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ அங்கே அவனுக்கு நினைவு வருகிறது. கவனியுங்கள், இங்கே மனத்தாங்கல் மற்றவனுக்கு. காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போ, முன்பு ஒப்புரவாகு என்கிறார். இதை அவர் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேம் தேவாலயத்தில். இடையே நூறு கிலோமீட்டருக்கும் மேல், மூன்று நாளாவது நடக்க வேண்டும். சகோதரன் ஊரில் இருந்தால், அவ்வளவு தூரம் திரும்பிப் போய், சமாதானமாகி, மறுபடியும் நடந்துவந்து காணிக்கை செலுத்த வேண்டும். கேட்டவர்களுக்குக் கால் வலித்திருக்கும்.

மத்தேயு 18:15-இல் நிலைமை தலைகீழ். இப்போது குற்றம் செய்தவன் சகோதரன். அப்போதும், ‘அவனிடத்தில் போய்’ என்றே இருக்கிறது. புண்படுத்தியவனுக்கும் போ, புண்பட்டவனுக்கும் போ. இரண்டு பேரும் கீழ்ப்படிந்தால் பாதி வழியிலேயே சந்தித்துக்கொள்வார்கள். அதே வசனத்தில், ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ என்று ஒரு நிபந்தனையும் இருக்கிறது. நான் என் வருத்தத்தை ஆறேழு பேரிடம் சொல்லியிருந்தேன், எனக்காக ஜெபியுங்கள் என்ற பெயரில். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

ஒரு மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தவர் ஒரு கணம் அப்படியே நின்றார். எப்போதும் ‘வா தம்பி’ என்பவர் அன்று, ‘வாருங்கள்’ என்றார். அந்த ஒரு சொல்லில் இரண்டு ஆண்டுகளும் இருந்தன.

‘அண்ணா, என்மேல் உங்களுக்கு ஏதாவது வருத்தம் இருக்கிறதா?’ என்று கேட்டேன். ஒத்திகை பார்த்த வார்த்தைகள் அவை அல்ல. அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். அந்தப் பயிற்சிக்கு ஒரு மாதம் முன்பு, அண்ணனுக்குக் குரல் தளர்ந்துவிட்டது, இனித் தனிப்பாடல் கொடுக்க வேண்டாம் என்று நான் யாரிடமோ சொன்னேனாம். அது அவர் காதுக்குப் போயிருக்கிறது. உண்மைதான், சொல்லியிருந்தேன். சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. தேதியிட்டு எழுதிய என் 14 பதிவுகளில் அதற்கு இடமே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். ‘சரி’ என்றார். அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த பல மாதங்கள் என் வணக்கத்துக்குத் தலையசைப்பு மட்டும்தான் கிடைத்தது. ‘அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது’ என்ற வசனம் எனக்கு வேண்டியிருந்தது அப்போதுதான். ‘நீடிய சாந்தம்’ என்பதற்குப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லுக்குள் நீளமும் சினமும் சேர்ந்திருக்கின்றன; சினம் வருவதற்கு நெடுநேரம் பிடிக்கிற மனம் என்று சொல்லலாம். அடுத்தவர் ஆறுவதற்கு எத்தனை நாள் எடுத்துக்கொண்டாலும் கடிகாரத்தைப் பார்க்காத மனம் என்று நான் புரிந்துகொள்கிறேன். ‘அதுதான் கேட்டாயிற்றே, இன்னும் என்ன?’ என்று நாமே அடுத்த சண்டையைத் தொடங்கிவிடுகிறோம்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், பொறுத்துப்போ, அதுதான் கிறிஸ்தவ அன்பு என்று யாராவது சொன்னால், அது வேதத்தைத் திரித்துச் சொல்வதாகும். தனியாகப் பேசிப் பயனில்லை என்றால் இன்னும் ஓரிருவரை அழைத்துக்கொண்டு போ என்று மத்தேயு 18-இன் அடுத்த வசனத்திலேயே, 16-இல், இயேசு சொல்லியிருக்கிறார். ‘கூடுமானால் உங்களாலானமட்டும்’ சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12:18-இல் பவுல் எழுதுகிறார். கூடாத இடமும் உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

தெரியாமல் இருக்குமா? அன்பு ‘சினமடையாது’ என்று அந்த 13-ஆம் அதிகாரத்தில் எழுதிய அதே பவுலுக்கும் அவருடைய ஊழியத் தோழர் பர்னபாவுக்கும் இடையே சில ஆண்டுகளுக்கு முன்புதான் கடுங்கோபம் மூண்டது. அப்போஸ்தலர் 15:39-இல் அந்தக் கோபத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், ‘சினமடையாது’ என்பதில் உள்ள சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. முந்தைய ஊழியப் பயணத்தில், பம்பிலியாவில் தங்களைப் பாதியில் விட்டுப்போன மாற்குவை மறுபடி அழைத்துப் போகலாம் என்றார் பர்னபா. கூடாது என்றார் பவுல். பிரிந்தார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்குக் கப்பல் ஏறினார். சமாதானம் எப்போது, எப்படி வந்தது என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் பவுலே கேட்கிறார்: ‘மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா.’

ஏழெட்டு மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமாதானம் கூறும் நேரத்தில், அண்ணன் இரண்டு வரிசையைக் கடந்து வந்தார். என் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை வாங்கிப் பெஞ்சின்மேல் வைத்தார். கையைப் பிடித்துக்கொண்டு, ‘இந்த வாரம் பயிற்சிக்கு வா தம்பி’ என்றார்.

நன்றி, வணக்கம்.