வாயுள்ள பிள்ளை பிழைக்கும்

(கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி விழா ஒன்றில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் தலைமையாசிரியர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய பேரூராட்சி உறுப்பினர் அவர்களே, பச்சைத் தேயிலை எடை போடும் நேரத்தில் தொழிற்சாலையை விட்டு வந்திருக்கும் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, இந்தக் குளிரிலும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும், ஹட்டி என்னும் படுகர் ஊர்களின் பெரியவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய சத்துணவு அமைப்பாளர் அம்மா அவர்களே, எல்லாரையும்விட முக்கியமாக, தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

மருத்துவ அறம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் நான்கு செய்திகள் உண்டு. நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடாது. நன்மை செய்ய வேண்டும். அவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். ஏழை பணக்காரர் பார்க்கக்கூடாது. நான்கையும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கதை. 1885 ஜூலை மாதம். அல்சேஸ் என்ற பகுதியில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையன். நம் நான்காம் வகுப்புப் பிள்ளை மாதிரி. வெறிநாய் பாய்ந்து கண்ட இடத்தில் கடித்துவிட்டது. எத்தனை கடி தெரியுமா? 14! தாய் அவனைப் பாரிசுக்கு, லூயி பாஸ்டரிடம் கூட்டி வந்தாள். பாஸ்டர் கையில் இருந்ததோ நாய்களுக்குப் போட்டுப் பார்த்த மருந்து. போட்டால் என்ன ஆகுமோ! போடாவிட்டால்? வெறிநோய் முற்றினால் பிழைப்பது அரிது. இதில் இன்னொரு சிக்கல்: பாஸ்டர் டாக்டர் அல்ல, வேதியியல் அறிஞர். 'எல்லாம் எனக்குத் தெரியும்' என்று அவர் ஊசியை எடுத்துவிடவில்லை. இரண்டு டாக்டர்களை அழைத்துப் பையனைக் காட்டினார். போடலாம் என்றார்கள். அவர்களில் ஒருவரான கிராஞ்சேதான் ஊசி போட்டார். மொத்தம் 13 ஊசி. பையன் பிழைத்தான், வளர்ந்து பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தான்! அன்று செய்தது சரிதானா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். பெரிய மேதையே நாலு பேரைக் கேட்டார் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஊசி போட வந்தால், "இது என்ன மருந்து? எதற்கு?" என்று கேளுங்கள். குப்பியைத் திருப்பி, பெயரையும் காலாவதித் தேதியையும் காட்டும் நர்ஸ் அக்காதான் நல்ல நர்ஸ். "சும்மா இரு" என்று அதட்டுகிறவருக்கு அறம் பாதிதான் தெரியும்.

நாய் கடித்தால் அடி விழும் என்று மறைக்காதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் தடவாதீர்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். சொன்ன பிள்ளையை அடிக்கிற அப்பாமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: வாயுள்ள பிள்ளை பிழைக்கும்!

வெறிநாய்க்கடிக்கு மருந்து தரவென்று குன்னூரில் 1907-லேயே பாஸ்டர் நிறுவனம் வந்துவிட்டது. சிம்ஸ் பூங்காவுக்குப் போன பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட மலையில், கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் பஸ்ஸுக்குக் காத்து நிற்கலாமா? ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தடுப்பூசி எந்நேரமும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் மருந்து கெடாத குளிர்ப்பெட்டி வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கு மனு தயார். தலைவர் மணியைப் பார்க்கிறார், மீதிச் செய்திகள் அடுத்த விழாவுக்கு. கையெழுத்துத் தாள் வாசலோர மேசையில் இருக்கிறது. பிள்ளைகளும் போடலாம், பேனா இரண்டுதான், வரிசையில் வாருங்கள்.