குலுக்கையில் இருந்த குதிரைவாலி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மதுரை மாவட்டத்தில் பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் எங்கள் கரிசல் காட்டில் புரட்டாசி மழையை நம்பிக் குதிரைவாலி என்ற சிறுதானியத்தை விதைப்போம். மூன்று மாதப் பயிர். உரம், மருந்து என்று பெரிய செலவு கிடையாது. மழை ஏமாற்றிவிட்டால்கூட மாட்டுக்குத் தீவனமாவது மிஞ்சும். கடையில் குதிரைவாலி அரிசிக்கு இன்று நல்ல விலை. பிறகு ஏன் இத்தனை பேர் இதை விட்டுவிட்டார்கள்? என்னைக் கேட்டால் உமிதான் காரணம் என்பேன்.

எங்கள் வீட்டில் தானியம் சேமிக்க நெஞ்சு உயரத்துக்கு ஒரு மண் குலுக்கை இருந்தது. தானியத்தை உமியோடு கொட்டி, வாயைச் சாணி போட்டு மெழுகிவிட்டால் வருடக்கணக்கில் கெடாது. வேண்டும்போது அம்மா அடித்துளையில் அடைத்த துணியை உருவுவார். சரசரவென்று சுளகில் கொட்டும். அரிசியாக்கி வைத்தால் சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும். ஆக, விலை இல்லாத வருடம் விற்காமல் காத்திருக்க வைத்தது அந்த உமிதான். அதே உமிதான் விற்கும்போது எங்களைப் பிடித்து இழுக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நானும் சித்தப்பாவும், களத்திலேயே வியாபாரிக்குப் போடாமல் ஒரு மூட்டையை அரிசியாக்கிப் பார்ப்போம் என்று கிளம்பினோம். நெல் அரைக்கும் மில்லில், இவ்வளவு பொடித் தானியம் எங்கள் இயந்திரத்தில் நிற்காது என்றார்கள். தொலைவில் சிறுதானிய மில் ஒன்று இருந்தது. அங்கே ஒரு மூட்டைக்காக ஓட்ட முடியாது, பத்து மூட்டையாவது கொண்டுவாருங்கள் என்றார்கள். கடைசியில் வீட்டு உரலில்தான் குத்தினோம். சித்தி இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து புடைத்தார், நாவினார், கல் பொறுக்கினார். மூட்டையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் அரிசி தேறியது. சித்தியின் இரண்டு நாள் கூலியை யாரும் கணக்கில் எழுதவில்லை. நான் எழுதிப் பார்த்தேன். கடை விலைக்கும் களத்து விலைக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் இந்த வேலைதான். வியாபாரியை மட்டும் திட்டிப் பயனில்லை, நேயர்களே. உமி நீக்கும் இயந்திரமும் கல் பிரிக்கும் இயந்திரமும் யார் ஊரில் இருக்கிறதோ, காசும் அங்கேதான் தங்குகிறது. ஏழெட்டு ஊருக்குப் பொதுவாக ஒன்று வேண்டும்; பழுதானால் பார்க்க ஆளும் பக்கத்தில் வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முதலில் உமியைக் கவனியுங்கள்.

கேழ்வரகுக்கும் கம்புக்கும் இந்தத் தொல்லை இல்லை. அடித்துத் தூற்றினால் போதும். மத்திய அரசின் ஆதரவு விலையும் அவற்றுக்கு உண்டு. 2025-26க்குக் கேழ்வரகு குவிண்டால் 4,886 ரூபாய். அந்தப் பட்டியலில் குதிரைவாலி இல்லை, சாமை இல்லை, வரகும் இல்லை. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததே, அதற்குப் பிறகும் இல்லை.

மக்காச்சோளம் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், அதனால் சுருக்கமாக. கோழித் தீவனத்துக்கு உடனே விலை போகிறது என்று நாங்களும் மாறினோம். 2018இல் மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு வந்தது. மருந்துச் செலவு ஏறியது. அந்த வருடம் சித்தப்பா இரண்டு ஏக்கரில் மறுபடி குதிரைவாலி தூவினார். விதை, பழைய குலுக்கையில் இருந்ததுதான். வணக்கம்.