இனவெறுப்பைத் தடுப்பது சட்டமா, இளைஞர்களா? ‘இளைஞர்களே’ அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் தடிமனான புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞர் அண்ணன் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் இருக்கும் பேராசிரியர் அக்கா அவர்களே, என் அணித் தோழர்களே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கண் மூடாமல் இருக்கிற கல்லூரிப் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

இனப்படுகொலையைத் தடுக்க வல்லது கடுமையான சட்டமா, இளைஞர்களின் மனமாற்றமா என்பது தலைப்பு. அண்ணன் பேசும்போது, “1948-லேயே உலகம் இதற்கு ஒரு சாசனம் எழுதிவிட்டது. தண்டனைக்குப் பயந்துதான் மனிதன் அடங்குவான். மனமாற்றமெல்லாம் மேடையில் கேட்க நன்றாக இருக்கும்” என்றார். நல்ல கைதட்டல். நானும்தான் தட்டினேன். சரி, அந்தச் சாசனத்தையே எடுத்துக்கொள்வோம்.

1948 டிசம்பர் 9-ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றுக்கொண்டது. இனப்படுகொலையைத் தடுப்போம், செய்தவரைத் தண்டிப்போம் என்று முதல் பிரிவிலேயே இரண்டு வாக்குறுதி. 1975-இல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவும் அதில் சேர்ந்தது. அப்புறம் 1994 ஏப்ரல் 6 இரவு அந்த நாட்டு ஜனாதிபதி ஹபியாரிமானா வந்த விமானம் தலைநகர் கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த நூறு நாளில், பெரும்பான்மை ஹூட்டு இனத் தீவிரவாதிகளின் கையால், சிறுபான்மை டுட்சிகளும், கொலைக்கு உடன்படாத ஹூட்டுக்களும் கொல்லப்பட்டார்கள். ஐ.நா. சொல்லும் கணக்கு சுமார் 8 லட்சம். ருவாண்டா அரசின் கணக்கு 10 லட்சத்துக்கும் மேல். அப்போது அங்கே ஐ.நா. அமைதிப்படை இருந்தது, ஐயா. சுமார் 2,500 பேர். கொலை தொடங்கி இரண்டு வாரத்தில், ஏப்ரல் 21 அன்று, பாதுகாப்புச் சபை கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தது. படையைக் கூட்டவில்லை, 270 பேராகக் குறைத்தது. சாசனத்தில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. அது பாட்டுக்கு இருந்தது.

இதற்குப் பேராசிரியர் அக்கா ஒரு குறுக்குக் கேள்வி வைத்திருக்கிறார்: “கத்தி எடுத்ததே இளைஞர்கள்தானே? அவர்களை நம்பியா ஊரை ஒப்படைப்பது?” உண்மையிலேயே நல்ல கேள்வி. எதிரணியில் இன்று பேசியதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆமாம் அக்கா, இளைஞர்கள்தான். கொலைப்படையின் பெயர் இண்டரஹாம்வே. ஆளும் கட்சியின் இளைஞர் அணி அது. வேலை இல்லாத பையன்களைத் திரட்டினார்கள். இந்த அமைப்பு முளைத்த இடங்களில் ஒன்று, கட்சிக்காரர்கள் பணம் கொடுத்து நடத்திய கால்பந்து ரசிகர் மன்றங்கள். ரசிகர் மன்றம் என்றதும் இங்கே சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். அந்த மன்றத்துக்குப் போன பையன் முதல் நாளே கத்தி கேட்டானா? பந்து பார்க்கப் போனான். சட்டை கொடுத்தார்கள், கோஷம் கொடுத்தார்கள், கூட்டாளிகளைக் கொடுத்தார்கள். வெறுப்பு கடைசியாகத்தான் வந்தது.

அதற்கும் முன்னால் பள்ளிக்கூடம். பெல்ஜியக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1930-களில், ஒவ்வொருவர் அடையாள அட்டையிலும் ஹூட்டு, டுட்சி, டுவா என்று எழுதிவைத்தார்கள். ஒரே மொழி பேசுகிறவர்கள், ஒரே மலைச்சரிவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுத்தவர்கள். சுதந்திரம் வந்த பிறகும் அந்த அட்டை போகவில்லை. வாத்தியார் வகுப்பில் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு, “டுட்சிகள் எழுந்து நில்லுங்கள்” என்பார். தான் யார் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்த குழந்தைகள் உண்டு. சாயங்காலம் வீட்டுக்குப் போய், “அம்மா, நான் எழுந்திருக்க வேண்டுமா, உட்கார வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறார்கள். தப்பிப் பிழைத்த பலர் தங்கள் சாட்சியங்களில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், வெறுப்பதற்கு முன்னால் தான் யார் என்பதையே வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைகள்!

ருவாண்டா தூரம் என்று நினைக்காதீர்கள். நம் தென்மாவட்டப் பள்ளிகளில் எந்தச் சாதிப் பையன் கையில் எந்த நிறக் கயிறு என்று சக மாணவனுக்குத் தெரியும். அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024-இல் அரசிடம் அறிக்கை கொடுத்தது. கயிற்றையும் கொலையையும் ஒன்றாக்கவில்லை நான். ஆனால் ஆளைப் பிரிக்கிற வேலை எந்த வயதில் ஆரம்பிக்கிறது என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பிறகு வானொலி. 1993-இல் ஆர்.டி.எல்.எம். என்று ஒரு தனியார் நிலையம் வந்தது. அரசு வானொலி மாதிரி விறைப்பாகப் பேசாது. நல்ல பாட்டு, தெருவில் பேசுகிற மாதிரி அரட்டை, கிண்டல். இளசுகள் விழுந்து விழுந்து கேட்டார்கள். அந்தக் கிண்டலுக்கு நடுவில்தான் டுட்சிகளைக் கரப்பான்பூச்சி என்றார்கள். 1994 ஏப்ரல் வந்ததும் ஆள் பெயரும் ஒளிந்திருக்கும் இடமும் அதே குரலில், அதே சிரிப்போடு ஒலிபரப்பானது. அந்த ஊடகக்காரர்களுக்கு, ருவாண்டா கொலைகளை விசாரிக்க ஐ.நா. தான்சானியாவில் அமைத்த அருஷா நீதிமன்றம் தண்டனை கொடுத்ததே என்று அண்ணன் சொல்லுவார். கொடுத்தது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு, 2003-இல்.

அக்காவுக்கு என் பதில் இதுதான். வகுப்பறை, மன்றம், வானொலி என்று இளைஞனை மாற்ற அவர்கள் அவ்வளவு பாடுபட்டார்கள். அவனை மாற்றாமல் இந்தக் கொலை நடக்காது என்று கொலைகாரனுக்கே தெரிந்திருந்தது. நாம்தான் இன்னும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இப்போது ஓர் ஊருக்கு உங்களைக் கூட்டிப்போகிறேன். ருவாண்டாவின் மேற்கே நியாங்கே. 1994 ஏப்ரலில் அங்கே மாதா கோயிலுக்குள் டுட்சிகள் அடைக்கலம் புகுந்தார்கள். குறைந்தது 1,500 பேர். அந்தக் கோயிலையே புல்டோசர் வைத்து அவர்கள்மேல் இடித்துத் தள்ளினார்கள். அங்கே பாதிரியாராக இருந்தவர் அத்தனாஸ் செரோம்பா. இடிப்பதற்கு அவரும் உடந்தை என்று அதே அருஷா நீதிமன்றம் சொன்னது. முதலில் 2006-இல் 15 வருடம், மேல்முறையீட்டில் 2008-இல் ஆயுள். அண்ணனின் சட்டம் நியாங்கேவுக்கு வந்து சேரப் பதினான்கு வருடம். வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அந்த இடிபாட்டில் செத்தவர்களில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அதே ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளி. 1997 மார்ச் 18, இரவுப் படிப்பு நேரம். தோற்று ஓடிய பழைய கொலைப்படையின் ஆட்கள் துப்பாக்கியோடு வகுப்புக்குள் நுழைந்தார்கள். ஹூட்டுக்கள் ஒரு பக்கம், டுட்சிகள் ஒரு பக்கம் பிரிந்து நில்லுங்கள் என்று உத்தரவு. அந்த வகுப்பில் பாதிப் பேருக்குமேல் ஹூட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அடி நகர்ந்து நின்றால் ஹூட்டுப் பிள்ளைகளுக்கு உயிர் மிச்சம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஊரே செத்ததைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். நகர்ந்து நின்றால் என்ன நடக்கும், நிற்காவிட்டால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

நகரவில்லை. “நாங்கள் எல்லாரும் ருவாண்டாக்காரர்கள்” என்று ஒரு மாணவி பதில் சொன்னாள். மறுபடி கேட்டார்கள், மறுபடியும் அதே பதில். சுட்டார்கள், கையெறி குண்டு வீசினார்கள். 6 பேர் இறந்தார்கள், பலர் உடல் ஊனமானார்கள். இன்று அந்த மாணவர்கள் ருவாண்டாவின் தேசிய வீரர்கள்.

அண்ணனுக்குப் புத்தகம் புரட்டத் தெரியும். அந்த இரவு அந்த வகுப்பில் எந்தச் சட்டப் பிரிவு வேலை செய்தது?

ஆனால் இங்கே நானே ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அக்கா எழுந்து சொல்லிவிடுவார். “எல்லாப் பிள்ளைகளும் நியாங்கே பிள்ளைகளா? மனதை எப்படி மாற்றுவாய்?” நியாயம். அதற்கு ருவாண்டாவிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2004-இல் ‘முசெகெவேயா’ என்று ஒரு வானொலித் தொடர் நாடகம் ஆரம்பித்தார்கள். பகையான இரண்டு கிராமங்கள், குறுக்கே காதலிக்கிற ஒரு ஜோடி, தலைவர்களை எதிர்த்துப் பேசும் இளைஞர்கள். நம் ஊர் ஆட்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித் தரவே வேண்டாம். எலிசபெத் பாலக் என்ற ஆய்வாளர் சில ஊர்களில் இந்த நாடகத்தையும், வேறு சில ஊர்களில் உடல்நலம் பற்றிய இன்னொரு நாடகத்தையும் ஒரு வருடம் கேட்கவைத்து ஒப்பிட்டார்.

முடிவு விநோதமானது. நாடகம் கேட்டவர்களின் உள்ளுக்குள் இருந்த நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் தன்னைச் சுற்றி இருப்பவர்கள் எதை ஏற்பார்கள், எதைப் பேசலாம் என்ற எண்ணம் மாறியிருந்தது. கடைசி நாளில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டேப் ரெக்கார்டரும் நாடகக் கேசட்டுகளும் பரிசாகக் கொடுத்தார்கள். இதை யார் வைத்துக்கொள்வது? உடல்நல நாடகம் கேட்ட ஊர்களில், ஊர்ப் பெரியவரிடம் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னதும் பேச்சு முடிந்தது. பகை நாடகம் கேட்ட ஊர்களில் அப்படி ஒருவர் சொன்னதும் இன்னொருவர், “ஏன்? நாமே பொறுப்பாக வைத்துக்கொள்ள மாட்டோமா?” என்று எழுந்தார். பேசினார்கள், விவாதித்தார்கள்.

ஒரு டேப் ரெக்கார்டருக்கா இவ்வளவு பேச்சு என்று சிரிக்கிறீர்கள். 1994-இல் ஊர்த் தலைவர், “வேலைக்குக் கிளம்புங்கள்” என்றதும் மறுபேச்சில்லாமல் கிளம்பிய நாடு அது ஐயா. வேலை என்றால் கொலை. அங்கே “ஏன்?” என்று ஒருவன் கூட்டத்தில் கேட்கக் கற்றுக்கொள்வதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. என் அணி சொல்லும் மனமாற்றமும் இதுதான். ஆளாளுக்குப் புத்தர் ஆக வேண்டாம். வகுப்பில் கேலி கிளம்பும்போது, வாட்ஸ்ஆப் குழுவில் வெறுப்புப் பதிவு வரும்போது, “இது வேண்டாம்டா” என்று ஒருவன் சொன்னால் இன்னொருவனுக்கும் தைரியம் வரும். அதைப் போலீஸ்காரர் சொல்லி ஒன்றும் ஆகாது. பக்கத்துப் பெஞ்சுக்காரன் சொல்ல வேண்டும்.

ஐ.நா.வுக்கும் தாமதமாகவேனும் இது உறைத்தது. அமைதிக்கான பணியில் இளைஞர்களுக்கு இடம் கொடுங்கள் என்று பாதுகாப்புச் சபை 2250-ஆம் தீர்மானம் போட்டது. தேதி 2015 டிசம்பர் 9. அண்ணனின் சாசனம் பிறந்த அதே டிசம்பர் 9, அறுபத்தேழு வருடம் கழித்து. அவர்கள் தரப்பே எங்கள் அணிக்கு வந்துவிட்டது.

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேசப்போவது வழக்கறிஞர் அண்ணன்தான். அவரிடம் ஒரு கேள்வியை விட்டுவிட்டு இறங்குகிறேன். 1994 ஏப்ரலில் சாசனம் இருந்தது, ருவாண்டா கையெழுத்தும் இருந்தது, படையும் இருந்தது. அப்போது இல்லாமல்போன சட்டம் எது? ஒன்றே ஒன்று, பெயர் சொல்லட்டும், அண்ணன் பக்கமே தீர்ப்புக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.